1947 வரை எல்லா ஆயர்களும் வெள்ளைக்காரர்களா?

"சுதந்திரம் வரும்வரை இந்தியாவில் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) எல்லாருமே வெள்ளைக்காரர்கள்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) உருவானபோதே அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் என்ற தமிழர், இயேசு சபைக் குரு. கத்தோலிக்கத்தின் ஒரு பிரிவான கேரளத்துச் சீரோ மலபார் சபைக்கு 1896-லேயே மூன்று மலையாளி ஆயர்கள் வந்துவிட்டார்கள். அதற்கும் வெகு முன்னால், 1663-ல் மலையாளியான பறம்பில் சாண்டி ஆயரானார், கோவாக்காரர் மத்தேயு தெ காஸ்த்ரோ 1637-ல் ரோமிலேயே ஆயர் பட்டம் வாங்கினார் (போர்த்துகீசியர்கள் அவரை ஏற்கவில்லை என்பது தனிக்கதை). சரி, உள்ளூர்க் குருக்களை வெறும் எடுபிடிகளாக வைத்திருந்த மிஷனரிகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அந்தப் போக்கு கூடாது, உள்ளூர்க் குருக்களே சபையை நடத்தும்படி பயிற்சி கொடுங்கள் என்று திருத்தந்தை (போப்) 15-ம் பெனடிக்ட் 1919-ல் தனி மடலே எழுத வேண்டியிருந்தது.