ஒரு காருக்கு 32 சதுர மீட்டர்

சென்னையின் அரசு அலுவலக வளாகம் எதற்குள்ளும் மனுவோடு நுழைபவருக்கு, எந்தப் பிரிவில் யாரைப் பார்ப்பது என்பதற்கு முன்பே வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. இதற்கு நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் மருந்து அடுக்குமாடி வாகன நிறுத்தம். சேப்பாக்கம் எழிலகத்தைப் போன்ற வளாகத்துக்கு அது கடைசி மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது முப்பது ஆண்டு அரசுப் பணிக்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து.

முதலில் இடக் கணக்கு. ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் போதும். ஆனால் அது வந்து திரும்பிச் செல்லப் பாதை வேண்டும் என்பதால், திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், நிலத்தடித் தளத்தில் 32 சதுர மீட்டர் என்று டெல்லிப் பெருந்திட்டம் 2021 கணக்கிட்டது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2015இல் தொடங்கியபோது, பொருளாதாரத்தில் நலிந்த குடும்பத்துக்கான வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரைதான். ஒரு குடும்பம் சமைத்து, படித்து, உறங்கும் பரப்போடு ஒப்பிடத்தக்க இடத்தைக் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை அசையாத ஒரு காருக்கு, அதுவும் கடற்கரையை ஒட்டிய சேப்பாக்கத்தில், வாடகை இல்லாமல் கொடுக்கிறோம். நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருக்கிறது.

இலவச இடம் என்பது காரில் வருபவருக்கு மட்டும் தரப்படும் மறைமுகப் படி. கலிஃபோர்னியா மாநிலம் இதை 1992இல் சட்டத்தின் வழியே எதிர்கொண்டது: வாடகைக்கு இடம் பிடித்து ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கும் நிறுவனம், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதே மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும். இதைச் செயல்படுத்திய எட்டு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தனியாகக் கார் ஓட்டி வந்தவர்களின் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்திருந்தது. புதிய ரயில் பாதை எதுவும் போடாமல், ஒரு கணக்குத் தலைப்பை மாற்றியதால் மட்டும் வந்த குறைவு அது.

இங்கே ரயிலும் இருக்கிறது. பறக்கும் ரயில் 1995இலேயே சேப்பாக்கத்துக்கு வந்துவிட்டது. நிலையத்திலிருந்து எழிலகம் நடந்து செல்லும் தூரம்தான். அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து வாலாஜா சாலை வழியாக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். இந்த ஒன்றரைக் கிலோமீட்டரை மே மாத வெயிலில் யார் நடப்பது என்பது நியாயமான கேள்வி. ஆனால் 2023 ஐபிஎல் போட்டிகளின்போது போட்டிச் சீட்டைக் காட்டினாலே மெட்ரோவில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அறிவித்து, அந்த நிலையத்திலிருந்து மைதானத்துக்கு இணைப்புப் பேருந்தும் விட்டார்கள். ஓர் இரவு ஆட்டத்துக்குச் செய்ய முடிந்ததை, ஆண்டு முழுவதும் இயங்கும் அலுவலகங்களுக்குக் காலையிலும் மாலையிலும் ஏன் செய்ய முடியாது? பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை முதல் கடற்கரை நிலையம் வரையிலான சேவை 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை நிறுத்தப்பட்டிருந்ததும் உண்மை. அப்போது வாகனத்துக்கு மாறியவர்களைத் திரும்ப அழைக்கவாவது ஒரு முயற்சி வேண்டாமா?

கட்டணம் என்றாலே எளிய ஊழியரின் தலையில் கை வைக்கிறோம் என்பார்கள். எங்கள் அலுவலகங்களில் இளநிலை உதவியாளரும் அலுவலக உதவியாளரும் வருவது பேருந்திலோ இருசக்கர வண்டியிலோதான். காரில் வருபவர்கள் பெரும்பாலும் மேல்நிலையில் இருப்பவர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும், சட்டமன்றக் கூட்டத்தொடர்க் காலத்தில் இரவு வரை இருக்க நேரும் பெண் ஊழியர்களுக்கும் இடம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோப்பில் முடிவெடுக்கும் அலுவலரின் கார் அவருடைய பதவிப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நிற்கும் வரை, நெருக்கடி அவர் கண்ணில் படவே போவதில்லை.

அடுக்குமாடி நிறுத்தம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாம்: ஊழியர் வாகனம் எத்தனை, மனுதாரர் வாகனம் எத்தனை, ஓட்டுநரோடு நாள் முழுவதும் காத்திருக்கும் அரசு வாகனம் எத்தனை, கழிவு செய்யப்பட்டு ஏலத்துக்காகக் காத்திருப்பது எத்தனை. நான் கடைசியாகப் பணிபுரிந்த மாவட்ட அலுவலக வளாகத்தில் அந்தக் கடைசி வகையில் மட்டும் ஆறு ஜீப்கள் வேப்பமர நிழலில் துருப்பிடித்துக் கிடந்தன. திங்கட்கிழமை குறைதீர் நாளில் வருபவர்கள் வண்டிகளை வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு வருவார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு ஆறு ஜீப்களும் ஒருவழியாக ஏலத்தில் போயின. இனி அந்த இடம் மனுதாரர்களுக்கு என்று கூட்டத்தில் பேசினோம். அடுத்த திங்கட்கிழமை அந்த நிழலில் ஊழியர்களின் கார்கள் நின்றன. அவற்றில் ஒன்று என்னுடையது.