நிற வேறுபாடு குறையன்று
கஷ்காய் என்னும் நாடோடி மக்கள் நெய்த பழைய கம்பளங்களில் ஒரே சிவப்பு வரிக்கு வரி மாறித் தெரிவதைக் கட்டுரையாளர் நெசவுக் குறை என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தென் ஈரானின் ஃபார்ஸ் பகுதியில், குளிர்காலத்தில் தாழ்நிலத்திலும் கோடையில் ஜாக்ரோஸ் மலைகளிலுமாக மந்தையோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த இம்மக்களின் பெண்கள், கையால் நூற்ற கம்பளிக்கு மஞ்சிட்டி இனத்து வேரைக்கொண்டு சிறிது சிறிதாகச் சாயமேற்றியதால், ஒருமுறை வந்த நிறம் மறுமுறை அப்படியே வாய்க்கவில்லை. ‘அப்ராஷ்’ எனப்படும் இந்த ஏற்ற இறக்கம்தான் அகன்ற சிவப்புப் பரப்புக்கு உயிர் தருகிறது. தரையில் கிடத்திய தறியைப் பாவு நூல்களோடு சுருட்டிச் சென்று அடுத்த முகாமில் மீண்டும் விரித்ததால் ஓரங்கள் சற்றே கோணியிருக்கும். எனக்கு அதுவும் அழகே. வரைபடம் பார்த்து நெய்யும் நகரப் பட்டறைகளின் நுணுக்கம் வேறு. பெரும்பாலும் நினைவிலிருந்தே நெய்த இவர்களின் சாய்சதுரப் பதக்க வடிவங்களுக்கிடையே திடீரென எட்டிப்பார்க்கும் ஆடுகளும் பறவைகளும் அங்கே கிடைப்பதில்லை.