பொன்னாடை போர்த்தாத புத்தகங்கள்

"அண்ணே, இப்ப என்ன படிக்கிறீங்க? அரசியல் தலைவர்களைப் பற்றி நல்ல புத்தகமா நாலு சொல்லுங்க" என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நாலு பெயரைத் தட்டி அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் பாக்கி இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தலைவர்களைப் பற்றிய புத்தகத்துக்குப் பஞ்சமே கிடையாது. புத்தகக் காட்சியில் எந்த அரங்குக்குள் நுழைந்தாலும் இரண்டு அடுக்கு இருக்கும். எளிய குடும்பத்தில் பிறந்தார், சின்ன வயதிலேயே சூட்டிகை, சிறை சென்றார், கோட்டையைப் பிடித்தார், மக்கள் மனதில் வாழ்கிறார். நடுவில் எட்டுப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். எழுதியவர் கைகட்டி நிற்பது வரிக்கு வரி தெரியும். இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு அடுக்கு உண்டு: அதே தலைவர், அதே சம்பவங்கள், எல்லாமே சூழ்ச்சி, எல்லாமே துரோகம். இரண்டையும் படித்து முடித்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இரண்டுமே தலைவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்பதுதான் கோளாறு.

எனக்குப் பிடித்தவையெல்லாம் தலைவரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கவைத்துவிட்டு, அவரால் யாருக்கு என்ன ஆனது, காசு எங்கிருந்து வந்தது, கோப்பை நகர்த்தியது யார் என்று பார்க்கிற புத்தகங்கள்.

இப்போது கிண்டிலில் ஓடிக்கொண்டிருப்பது ராபர்ட் கேரோ எழுதிய லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாறு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான்சனைப் பற்றி 1982-இல் முதல் தொகுதி வந்தது. அடுத்தவை 1990, 2002, 2012. நாலு தொகுதி வந்தும் ஜான்சன் இன்னும் வியட்நாம் போருக்குள் முழுசாக இறங்கியபாடில்லை. ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார். கேரோ பிறந்தது 1935-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆளைப் பற்றி ஒருவர் ஆயுசு முழுக்க எழுதுவதா என்று முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. முதல் தொகுதியில் ஒரு அத்தியாயம் என் வாயை அடைத்துவிட்டது.

அந்த அத்தியாயத்தில் ஜான்சன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டெக்சாஸ் மாநிலத்தில் அவர் பிறந்த மலைப்பகுதியில், 1930-களில் மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது மட்டும்தான் விஷயம். அந்தக் காலத்து அரசு ஆய்வு ஒன்றிலிருந்து கணக்கு கொடுக்கிறார். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 200 காலன் தண்ணீர். கிணறு வீட்டிலிருந்து சராசரியாக 253 அடி தூரம். வருஷத்துக்கு 73,000 காலனை இறைத்துச் சுமக்க ஒரு ஆள் 1,750 மைல் நடக்கவேண்டும். திங்கட்கிழமை துணி துவைப்பு, செவ்வாய்க்கிழமை இஸ்திரி. கொளுத்துகிற வெயிலில் விறகடுப்பு பக்கத்திலேயே நின்று, அதில் காயவைத்த இரும்புப் பெட்டியால் தேய்க்கவேண்டும். வயதான பெண்கள் கேரோவிடம் தங்கள் கூன் விழுந்த தோளைக் காட்டியிருக்கிறார்கள். நகரத்துப் பையனுக்கு வாளியின் கனம் தெரியாது என்று ஒரு பாட்டி அவரையே கிணற்றில் இறைக்கவைத்தாராம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள நியூயார்க்காரரான கேரோ மனைவி ஐனாவோடு அங்கேயே போய் மூன்று வருஷம் குடியிருந்தார். வெளியாட்களிடம் அந்த ஊர்ப் பெண்கள் வாய் திறக்கவில்லை. ஐனா அத்திப்பழ ஜாம் போடக் கற்றுக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழகியிருக்கிறார். அதற்கப்புறம்தான் பேச்சே வந்தது. அட்டையில் கேரோவின் பெயர் மட்டும் இருக்கிறது. பாதிப் புத்தகம் அந்த அம்மாவின் உழைப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, ஜான்சன் எங்கே வருகிறார்? 1937-இல் 28 வயதில் அந்தத் தொகுதிக்கு எம்பி ஆகிறார். ஒரு மைலுக்கு மூன்று வீடாவது இருந்தால்தான் கிராமப்புற மின்திட்டத்தில் கடன் கிடைக்கும் என்று விதி. மலைப்பகுதியில் வீடுகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரைக்கும் போய் அந்த விதியைத் தளர்த்தி வாங்கிவருகிறார். 1939-இல் விளக்கு எரிகிறது. பிறந்த குழந்தைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். "மின்சாரம் கொண்டுவந்த மாமனிதர்" என்று எழுதியிருந்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். அந்த 253 அடியை முதலில் நடக்கவைத்ததால்தான் விளக்கு எரிந்தபோது எனக்கு என்னவோ செய்தது.

இதே மனிதர் அடுத்த தொகுதியில் ஓட்டுத் திருடுகிறார்.

1948-இல் செனட் தேர்தலுக்காக டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டாம் சுற்று. கிட்டத்தட்ட பத்து லட்சம் ஓட்டு பதிவாகி, ஜான்சன் ஜெயித்தது 87 ஓட்டில். வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள் கழித்து, ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் எண் பெட்டியில் அவருக்கு இருந்த 765 ஓட்டு 965 ஆகிறது. ஏழில் ஒரு சுழி போட்டு ஒன்பது ஆக்கிவிட்டார்கள். கடைசியாக ஓட்டுப் போட்டதாகப் பட்டியலில் சேர்ந்த 202 பேரின் பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அதுவும் அகரவரிசையில் இருந்தன! நம் ஊர் பூத் ஏஜென்ட் யாரும் இவ்வளவு சோம்பேறியாக இருக்கமாட்டார். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவரை 1986-இல் கேரோ தேடிப் பிடிக்கிறார். கிழவர் தானே எழுதிவைத்திருந்த கதையை எடுத்து நீட்டுகிறார்.

இந்த இடத்தில் எனக்கு கேரோ மேல் ஒரு குறை உண்டு. ஜான்சனிடம் தோற்ற கோக் ஸ்டீவன்சனை நேர்மையின் சிகரமாக எழுதிவிட்டார். கறுப்பர்களை ஒதுக்கிவைக்கும் முறையை ஆதரித்தவர் ஸ்டீவன்சன். அந்தப் பக்கத்துக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்று அப்போதே விமர்சனம் வந்தது. இவ்வளவு கறாரான ஆளே எதிர்வேட்பாளருக்குச் சத்தமில்லாமல் ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கிறார் பாருங்கள். ஆனால் ஓட்டைத் திருடி செனட்டுக்குள் போன ஜான்சன்தான் 1965-இல் கறுப்பர்களின் ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். எது நிஜமான ஜான்சன் என்று கேரோ தீர்ப்புச் சொல்வதில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

இனி நம்ம ஊர். யார் கேட்டாலும் நான் முதலில் கையில் கொடுக்கும் புத்தகம் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா'. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். இரண்டு பெரிய தலைவர்கள், நடுவில் ஒரு சில்லறைப் பணப் பாக்கி. அவ்வளவுதான் கதை.

வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வருகிறார். 1906-இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் கப்பல் கம்பெனி தொடங்கியவரிடம் அப்போது எதுவும் இல்லை. கம்பெனி போய்விட்டது, வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதும் போய்விட்டது. குடும்பத்தோடு சென்னையில் கஷ்ட ஜீவனம். தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்கென்று பணம் திரட்டி அங்கே காந்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். அது வந்து சேரவில்லை. 1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்குகிறார். வ.உ.சி. சந்திக்க நேரம் கேட்டு எழுதுகிறார். அங்கே தொடங்குகிற கடிதங்கள் 1916 தொடக்கம் வரை போகின்றன.

காந்திக்கு அந்தப் பணம் பற்றித் தெளிவாக ஞாபகம் இல்லை, விசாரிக்கிறேன் என்கிறார். இந்தப் பக்கம் வ.உ.சி.க்கு அன்றாடச் செலவுக்கே வழியில்லை. ஆனாலும் கடிதத்தில் ஒரு இடத்திலும் குரல் தாழவில்லை. இப்போதிருக்கும் நிலையில் இந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது தப்பாகிவிடும் என்று நேராக எழுதுகிறார். பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் அடுத்த கடிதத்தை எவ்வளவு பணிவாக, எவ்வளவு அழுத்தமாக எழுதுவது என்று யோசிப்பது அந்த வரிகளுக்கு நடுவில் தெரியும். கடன் கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கடைசியில் வந்து சேர்ந்த தொகைதான் தலைப்பில் இருக்கிறது. இதை வைத்துக் காந்தியை வில்லனாக்குவது ரொம்பச் சுலபம். ஆசிரியர் அந்தப் பக்கம் போகவே இல்லை, கடிதங்களை வரிசையாக வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். செக்கிழுத்த செம்மல் என்று மேடையில் முழங்கி முழங்கி நாம் தேய்த்துவிட்ட மனிதர், இந்தச் சின்னப் புத்தகத்தில் மறுபடி ரத்தமும் சதையுமாக எழுந்து வருகிறார்.

இதே ஆசிரியரின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதிலும் வ.உ.சி.யைவிட அவர் கைதானதும் தெருவுக்கு வந்த ஜனங்கள்தான் முக்கியம்.

அப்புறம் கண்ணதாசனின் 'வனவாசம்'. நடுநிலைக்காக இதைப் படிக்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். திமுகவில் இருந்து 1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறியவர் ஆறாத கோபத்தில் எழுதியது. தன்னைப் பற்றியே 'அவன்' என்று படர்க்கையில் எழுதுவதால் தன் குடி, தன் கடன், தன் சபலம் எதையும் மறைக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. 1959 சென்னை மாநகராட்சித் தேர்தல் வெற்றிக்குப் பிறகு அண்ணா மேடையில் கருணாநிதிக்கு மோதிரம் போட்ட கதையை, அந்த மோதிரத்தைக் கருணாநிதியே வாங்கிக் கொடுத்திருந்தார் என்று அவர் சொல்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். அதே மோதிரம் கருணாநிதிக்கு வாழ்நாள் பெருமை. யார் சொல்வது உண்மை என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மேடைக்குக் கீழே நிற்கும் ஒரு கவிஞனுக்கு அன்றைக்கு வயிறு எப்படி எரிந்தது என்பது எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. ஒரு கட்சி எப்படி உள்ளே இயங்குகிறது என்பதை எந்தக் கொள்கை விளக்க நூலும் எனக்கு இப்படிச் சொல்லித்தந்ததில்லை.

கருணாநிதியின் தன்வரலாறான 'நெஞ்சுக்கு நீதி' ஆறு தொகுதிகளையும் படித்தீர்களா என்று கேட்பீர்கள். அங்கங்கே படித்திருக்கிறேன். எந்த மாநாடு, யார் யார் பேசினார்கள், என்ன தீர்மானம் என்று தேட அருமையான நூல். அதை எழுதியவர் உள்ளுக்குள் எப்போது பயந்தார் என்று தேடினால் கிடைக்காது. அரசியலில் இருந்துகொண்டே தன் கதையை எழுதுகிறவருக்கு அதற்கு மேல் சுதந்திரம் கிடையாது.

காமராஜருக்கு வருவோம். அவரைப் பற்றி மட்டும் எழுதப்பட்ட புத்தகங்களைவிட, அவரோடு வேலை பார்த்த நெ.து. சுந்தரவடிவேலுவின் 'நினைவு அலைகள்'தான் காமராஜரை எனக்குக் காட்டியது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர். 1956-இல் மக்கள் நன்கொடையில் தொடங்கி, பிறகு அரசுத் திட்டமான பள்ளி மதிய உணவுக்கு அலைந்தவர்களில் முக்கியமானவர். முதலமைச்சர் ஒன்றைச் செய்யலாம் என்று சொல்வதற்கும், ஏதோ ஒரு கிராமத்துப் பிள்ளையின் தட்டில் சோறு விழுவதற்கும் நடுவில் எத்தனை அதிகாரிகள், எத்தனை ஆட்சேபம், எத்தனை ஊர்க் கூட்டம்! அதிகாரியின் மேஜையிலிருந்து பார்த்தால் காமராஜரின் பெருமை குறையவில்லை. அவர் யாரை நம்பி வேலையை ஒப்படைத்தார் என்பது தெரியவந்ததில் கூடத்தான் செய்தது. புத்தகம் பெரிசு, சில இடங்களில் சுற்றுப்பயணக் குறிப்பு மாதிரி இழுக்கும், தாண்டிப் போகலாம்.

உயிரோடு இருக்கும் தலைவரைப் பற்றி இப்படியெல்லாம் தமிழில் ஏன் எழுதுவதில்லை என்று கேட்பவர்கள், ஜெயலலிதாவைப் பற்றி வாஸந்தி எழுதிய புத்தகத்துக்கு என்ன ஆனது என்று விசாரித்துப் பாருங்கள். ஜெயலலிதாவே நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். எழுத்தாளருக்குக் கை நடுங்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இறந்து அரை நூற்றாண்டு ஆன தலைவர்களைப் பற்றியும் நாம் நடுங்கிக்கொண்டே எழுதுவதற்கு அது காரணம் ஆகாது.

மண்டேலாவின் 'லாங் வாக் டு ஃப்ரீடம்' எல்லோர் பட்டியலிலும் இருக்கும். என் பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் அது எழுதப்பட்ட கதைக்காக. ராபன் தீவுச் சிறையில் மண்டேலா ராத்திரியில் எழுதி, சக கைதிகளான சிசுலுவும் கத்ராடாவும் படித்துத் திருத்தம் சொல்ல, மேக் மகராஜும் லாலு சிபாவும் அதைப் பொடி எழுத்தில் பிரதி எடுத்தார்கள். 1976-இல் விடுதலையான மகராஜ் அந்தப் பிரதியை வெளியே கடத்திக்கொண்டு போனார். முற்றத்தில் புதைத்துவைத்த மூலப்பிரதி சிறைக்காரர்களிடம் மாட்டி, தண்டனையாக நாலு வருஷம் படிப்புச் சலுகை பறிபோனது. தோழர்கள் பார்த்துச் சரி சொன்ன தன்வரலாறு என்பதால்தானோ என்னவோ, புத்தகத்துக்குள் மண்டேலா எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கிறார். பொடி எழுத்தில் பிரதி எடுத்த அந்த இரண்டு பேரைப் பற்றி முழுப் புத்தகம் கிடைத்தால் மண்டேலாவுக்கு முன்னால் அதைத்தான் எடுப்பேன்.

தம்பிக்கு நாலு என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. பட்ஜெட் கம்மி என்றால் 347 ரூபாய் 12 அணாவை மட்டும் வாங்குங்கள். கேரோவைத் தொடுவதாக இருந்தால் முதல் தொகுதியில் அந்தத் தண்ணீர் இறைக்கும் அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் முதல் பக்கத்துக்குப் போங்கள்.

எனக்கு ஒரு உதவி. தலைவர்களின் நேர்முக உதவியாளர், கார் ஓட்டுநர், சுருக்கெழுத்தர், மாவட்ட ஆட்சியர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தமிழில் எழுதிய நினைவுக் குறிப்பு ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கமெண்டில் பெயரைப் போடுங்கள். அச்சில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய புத்தகக் கடையில் தேடிக்கொள்கிறேன். வாழ்த்துரை மூன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் வேண்டாம்.