புது ரோடு கிடக்கட்டும், குழியை அடைக்கக் காசு எங்கே?

எங்கள் பேரூராட்சியில் எந்தத் தெருக் குழியைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான். "எஸ்டிமேட் போட்டு அனுப்பியாச்சு அண்ணாச்சி, ஃபண்ட் வந்ததும் புது ரோடே போட்டுருவோம்." கேட்டவரும் திருப்தியாகப் போய்விடுகிறார். குழி அப்படியே இருக்கிறது. ரெண்டு சட்டிக் கலவையில் முடிய வேண்டிய வேலை, ஒரு ஐப்பசி மழையைப் பார்த்து, அடுத்த ஐப்பசியையும் பார்த்து, தெரு முழுக்கப் பரவிய பிறகு "திட்டத்தில் சேர்க்கத் தகுதியான சாலை" ஆகிறது. அப்போது லட்சங்களில் எஸ்டிமேட் போகிறது.

இதில் யாரோ ஒருவருடைய சோம்பல் மட்டும் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. பணம் வருகிற வழியே இப்படித்தான் அமைந்திருக்கிறது. சின்ன ஊருக்குப் புது ரோடு போட எங்கிருந்தாவது காசு வரும். பழைய ரோட்டைப் பார்த்துக்கொள்ள எங்கிருந்தும் வராது.

முதலில் ஒரு சங்கதி. பஜார் ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது என்று சேர்மனைத் திட்டிப் பதிவு போடுகிறவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போடுங்கள். சின்ன ஊர்களில் பெரும்பாலும் பஜார் வழியாகப் போகிற பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மாநிலச் சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்று மூன்று வகை, மூன்றும் அவர்கள் கையில். ஊர் எல்லை தாண்டினால் ஊராட்சி ஒன்றியம். தெருக்கள், சந்துகள், ரத வீதிகள்தான் பேரூராட்சியின் பொறுப்பு. ஒரே மழையில் இந்த மூன்று பேருடைய ரோடும் கெட்டுப்போகும், மனு மூன்று ஆபீசுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் நாம் கத்துகிற கத்தலில் பாதி தப்பான வாசலில் விழுகிறது. "அது எங்க ரோடு இல்லை" என்று தப்பித்துக்கொள்ள அவர்களுக்கும் வசதியாகப் போகிறது.

சரி, பேரூராட்சி ரோட்டுக்கு வருவோம்.

அரசியலமைப்பின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த 12-வது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கான 18 வேலைகள் இருக்கின்றன, சாலைகளும் பாலங்களும் அதில் உண்டு. வேலையைக் கொடுத்தார்கள். பணத்தைக் கொடுத்த விதம் வேறு. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, வாரச்சந்தை ஏலம், பஸ் ஸ்டாண்ட் வசூல், கட்டட அனுமதி, இவைதான் சொந்த வருமானம். இதிலிருந்து சம்பளம் போக வேண்டும், தூய்மைப் பணியாளர்களுக்குக் கூலி போக வேண்டும், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்ட வேண்டும், கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீருக்கும் காசு கட்ட வேண்டும். மாநில நிதிக்குழு வழியாக, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் என்ற கணக்கில், எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து ஒரு பங்கு வருகிறது. பல ஊர்களில் அதுவும் பழைய பாக்கிகளைக் கழித்துக்கொண்டுதான் கைக்கு வரும்.

மத்திய நிதிக்குழு மானியம் என்னாச்சு என்று கேட்பீர்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்தது. மீதி 40-ஐச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். பல ஊர் ரோடுகள் அந்த 40-ல்தான் பிழைத்தன. அதிலும் எடுத்தது புதுப் பணிகள்தான்.

அப்புறம் திட்டங்கள். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலை மேம்பாட்டுத் திட்டம், நபார்டு, எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி. "நமக்கு நாமே" திட்டத்தில் தெருக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எல்லாம் நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பலகை உண்டு, பூமி பூஜை உண்டு, திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு. குழி அடைக்கிறதுக்கு இதில் எந்தத் திட்டத்தையும் கேட்க முடியாது. அது பேரூராட்சியின் பொது நிதியிலிருந்து வர வேண்டிய பராமரிப்புச் செலவு. பொது நிதியோ சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்குமே மூச்சு வாங்குகிறது. அதனால் ரோடு தானாகச் சாகிற வரைக்கும் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஓட்டு வீட்டில் இருக்கிறவன் மழைக்கு முன்னால் கூரையேறி உடைந்த ஓட்டை மாற்றுவான். வீட்டை இடித்துக் கட்ட லோன் வரட்டும் என்று நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

எங்கள் வார்டு கவுன்சிலர் மன்றக் கூட்ட அஜெண்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நல்ல மனுஷன், கேட்டால் மறைக்க மாட்டார். ஒவ்வொரு பொருளும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும், கீழே "அலுவலகக் குறிப்பு: அங்கீகரிக்கலாம்" என்று இருக்கும். இன்ன தெருவில் பேவர் பிளாக், இன்ன தெருவில் சிமென்ட் ரோடு, இன்ன தெருவில் தார்ச்சாலை புதுப்பித்தல். எல்லாம் பக்கம் பக்கமாக வரும். பராமரிப்பு என்றால் மோட்டார் பழுது, பைப் உடைப்பு, தெருவிளக்குச் சாமான், குப்பை வண்டி டயர். ரோட்டுக் குழிக்கு என்று தனியாக ஒரு பொருள் வந்து நான் பார்த்ததில்லை. வந்தாலும் கலெக்டர் வருகிறார், தேர் ஓடப்போகிறது என்று அவசரத்துக்கு வரும். தேர் ஓடும் நாலு வீதிக்கு மட்டும் குழி அடைபடும். சாமி புண்ணியத்தில் வருஷத்துக்கு ஒருதரம்.

அந்தக் குழி அடைக்கிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு நேர் எதிரே நடந்தது. டிராக்டர் டிரெய்லரில் கலவை வந்தது, மேலே தார்ப்பாய்கூட இல்லை. கலவை தயாரிக்கிற பிளாண்ட் எங்கோ தூரத்தில், வந்து சேர்வதற்குள் சூடு போய்விட்டது. குழிக்குள் முந்தின நாள் மழைத் தண்ணீர். ஒருவர் விளக்குமாற்றால் தண்ணீரை ஒதுக்கிவிட்டார், சேறு அப்படியே கிடந்தது. இன்னொருவர் ரெண்டு சட்டி கொட்டி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் நாலு தட்டு தட்டினார். ரோலர் இல்லை. டிராக்டரே முன்னும் பின்னும் ஓடி ரோலர் வேலையையும் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த மழையில் அந்தக் கலவை அடை மாதிரி முழுசாகப் பெயர்ந்து வாறுகாலில், அதாவது தெருவோரச் சாக்கடையில், போய் உட்கார்ந்தது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பைப் பாருங்கள். வழக்கமாகப் பயன்படுகிற வி.ஜி.-30 தாரில் கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும், ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. குழியின் ஓரத்தை நேராக வெட்டி, கெட்டியான தரை வரைக்கும் சுரண்டி, காயவைத்து, அடியில் தார்ப்பால் தெளித்து, அதன்மேல்தான் கலவை. இதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம், பக்கத்தில் நின்று "இப்படிச் செய், அப்படிச் செய்யாதே" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? இளநிலைப் பொறியாளர். ஒரே பொறியாளர் பல பேரூராட்சிகளைச் சுமக்கிறார். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர், நடுவில் ஆய்வுக் கூட்டம். எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதவே அவருக்கு நேரம் போதவில்லை. குழிப் பக்கம் எப்போது வந்து நிற்பார்?

மழையிலும் போடக்கூடிய குளிர் கலவை மூட்டையில் கிடைக்கிறது, மாநகராட்சிகள் வாங்குகின்றன. விலை கூடுதல்தான். ஆனால் நம்மைப் போன்ற ஊருக்கு ஒரு மழைக்காலத்துக்குக் கொஞ்சம் மூட்டை போதும், பேரூராட்சிக் குடோனில் வைத்துக்கொண்டால் அன்றன்றைக்குக் குழியை அடைக்கலாம். பிளாண்டும் வேண்டாம், டெண்டருக்காக மாசக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "அதுக்கு எந்தத் தலைப்புல செலவு எழுதுறது?" என்றார் ஆபீசில் ஒருவர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் அவர் பிரச்சினை.

புது ரோடு போடும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு எழுத்தில் உத்தரவே போட்டார். வீடுகள் பள்ளமாகிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் மேலத்தெருவில் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் மூணு படி ஏறி நுழைந்த வீடுகளுக்கு இன்றைக்கு ஒரு படி இறங்கி நுழைய வேண்டும். வாசலில் சிமென்ட் மேடு கட்டி, மழை வந்தால் சாக்கு மூட்டை அடுக்குகிறார்கள். சுரண்டுகிற மெஷின் எங்கள் சந்துக்குள் நுழையாது, எஸ்டிமேட்டில் அந்த ஐட்டமே இருக்காது. ரோடு உயர உயர வாறுகால் ஆழத்தில் போகிறது, தண்ணீர் வடியாமல் ரோட்டிலேயே நிற்கிறது. தாருக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி கிடையாது. வாறுகாலைத் தூர்வாராமல் போடுகிற எந்த ரோடும் நிற்காது. சொல்லப்போனால் ரோட்டுப் பராமரிப்பில் பாதி, வாறுகாலைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். அதற்கும் விழா கிடையாது.

சிமென்ட் ரோடு போட்டால் தொல்லை தீரும் என்று ஒரு கட்சி இருக்கிறது. போட்ட பிறகு குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மூணாம் நாளே மாப்பிள்ளை வீட்டு வேன் ஏறிவிடும். நாமும் தடுக்க மாட்டோம், சொந்தக்காரன் வேன்.

"எல்லாம் பர்சென்டேஜ்ல போயிருது, வேற என்ன காரணம்?" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை. இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரே பதிலைச் சொன்னால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. கமிஷனே இல்லாத ஊராக இருந்தாலும் பராமரிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்காவிட்டால் குழி குழியாகத்தான் இருக்கும்.

சொத்து வரியையும் தொட்டாக வேண்டும். 2022-ல் உயர்த்தினார்கள். பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். பிறகு 2024-ல் 6 சதவீதம் ஏற்றினார்கள். அத்தனை வருஷம் ஏற்றாமல் விட்டுவிட்டு மொத்தமாக ஏற்றியதில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் வரியே கட்டாமல் ரோடு கேட்கிற கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் பஜாரில் பெரிய கட்டடங்கள் சில இன்னும் பழைய அளவிலேயே வரி கட்டுகின்றன என்பது ஊருக்கே தெரியும். மாடி ஏறியது, வரி ஏறவில்லை. அதை அளந்து சரிசெய்தாலே குழி அடைக்கக் காசு வரும். அளக்கப் போனால் யாருக்காவது போன் போகும். அதுதான் சிக்கல்.

இன்னொரு காசு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் ரோட்டை வெட்டுகிறவர்கள் வெட்டுவதற்கு முன்னால் சீரமைப்புக் கட்டணம், அதாவது வெட்டுக் கட்டணம், கட்ட வேண்டும். பல ஊர்களில் கட்டவும் கட்டுகிறார்கள். அந்தப் பணம் பொது நிதியில் கலந்து கரண்ட் பில்லாகப் போய்விடுகிறது, வெட்டிய பள்ளம் மண் மூடிக் கிடக்கிறது. எந்தத் தெருவை வெட்ட வாங்கிய பணமோ அது அந்தத் தெருவுக்கே செலவாக வேண்டும், தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதே மாதிரி, புது ரோடு போட்ட கான்ட்ராக்டரின் டெபாசிட் தொகை, குறைபாடு பொறுப்புக் காலம் முடிகிற வரை பேரூராட்சியிடம் இருக்கும். அந்தக் காலத்துக்குள் குழி விழுந்தால் அவர்தான் தன் செலவில் அடைத்துத் தர வேண்டும். எந்த ரோட்டுக்கு எந்தத் தேதி வரை இந்தப் பொறுப்பு இருக்கிறது என்று ஆபீஸ் வாசலில் ஒரு பலகை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாதிக் குழிக்குப் பேரூராட்சி காசே தேவைப்படாது என்பது என் கணிப்பு.

பலகை வைக்க மாட்டோம் என்றால், 10 ரூபாயில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 2005-ஆம் வருஷச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். காகிதம் கேட்பது மட்டுமில்லை, நடக்கிற பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அது நமக்கு உரிமை தருகிறது. அதாவது உங்கள் தெருவில் போட்ட கலவையில் ஒரு துண்டைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். அப்படி ஒரு மனு வந்திருக்கிறது என்று தெரிந்தாலே ரோலர் தானாக வந்து நிற்கும்.

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. கேள்வி கேட்கக்கூட ஆள் இல்லாமல் இருந்தோம். அந்தக் கொடுமைக்கு இன்றைக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பதே பெரிசு. அவரிடம் "எங்க தெருவுக்குப் புது ரோடு எப்ப வரும்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு அவரிடம் ரெடிமேட் பதில் இருக்கிறது. பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால், "இந்த வருஷம் ரோட்டுப் பராமரிப்புக்கு எத்தனை ரூபாய் தனியா எழுதியிருக்கீங்க? வெட்டுக் கட்டணம் எந்தக் கணக்குல இருக்கு?" என்று கேளுங்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து இந்த ரெண்டு கேள்வியையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கவுன்சிலர் வழியாகச் செயல் அலுவலருக்குக் கொடுத்திருக்கிறோம். புரட்டாசிக்குள் ஒருதரம், தை பிறந்ததும் ஒருதரம் தெருத்தெருவாகக் குழிக் கணக்கெடுத்து மன்றத்தில் வைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். மனுவின் படத்தைக் கீழே போடுகிறேன், ஊர்ப் பேரை மாற்றிக்கொண்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.