கன்டம் முதலில் ஓடவில்லை

மொபைல் சூட் கன்டம் என்பது ராட்சத ரோபோக்களை வைத்து வந்த ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) டிவி தொடர். "மொபைல் சூட் கன்டம் வந்த அன்றே ஜப்பான் முழுக்க ஹிட், அதனால்தான் ரோபோ அனிமே மாறியது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பாதி சரி. ரோபோ அனிமே கன்டத்தால் மாறியது உண்மை, வந்த அன்றே ஹிட் என்பது தவறு.

1979 ஏப்ரலில் தொடங்கிய தொடர் அது. 52 பகுதிகள் வருவதாக இருந்தது. பார்ப்பவர்கள் குறைவு, ஸ்பான்சரின் பொம்மைகளும் விற்கவில்லை. 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கதையே திரும்பியது. மறுஒளிபரப்பில் பதின்ம வயதினர் பிடித்துக்கொண்டார்கள். 1980 கோடையில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் கன்டம் ரோபோக்களின் பிளாஸ்டிக் மாடல்களை இறக்கியது. கடைகளில் வரிசை கட்டி வாங்கினார்கள். 1981-82ல் தொடரைத் தொகுத்து மூன்று திரைப்படங்கள் வந்தன. இயக்குநர் தோமினோவுக்குப் பெரிய வெற்றி கிடைத்தது அங்கேதான்.

1974ல் வந்த ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ என்ற விண்வெளி அனிமே தொடரின் கதையும் இதேதான். எதிரே வேறு சேனலில் அதே நேரத்தில் 'ஹெய்டி' என்ற அனிமே தொடர் ஓடியதால் அடி வாங்கி, 26 பகுதிகளில் முடிந்தது. பிறகு 1977ல் திரைப்படமாக வந்தபோது தியேட்டர் வாசலில் கூட்டம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் ஒளிபரப்பின் வெற்றியை வைத்துத் தாக்கத்தை அளந்தால் இந்த இரண்டு தொடர்களுமே அனிமேயை மாற்றியவற்றின் பட்டியலில் இருக்காது. அவற்றைக் காப்பாற்றியது ரசிகர்கள். அந்த உழைப்பை "முதல் நாளே ஹிட்" என்ற ஒரு வரியில் அழித்துவிடக் கூடாது.