டெர்ரி வோகன் அயர்லாந்துக் குடியுரிமையைத் துறக்கவில்லை

பிபிசியில் 2011-இல் ஒலிபரப்பாளர் டெர்ரி வோகன் தம் தாய்நாடான அயர்லாந்தைச் சுற்றிவந்த இரு பகுதித் தொடர் ஒளிபரப்பானது. அதை ஒட்டி ஒரு குற்றச்சாட்டு சுற்றுகிறது: பிரிட்டனின் ‘சர்’ பட்டத்துக்காக அயர்லாந்துக் குடியுரிமையைக் கைவிட்டவர் அவர், அந்நியராகத்தான் ஊர் பார்க்கப் போனார் என்று. இது தவறு.

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் 1938-இல் பிறந்த வோகனுக்கு 2005-இல் முதலில் கிடைத்தது கௌரவ நைட் பட்டம். வெளிநாட்டவருக்குத் தரப்படும் அந்த வகையில் பெயருக்கு முன் ‘சர்’ போட முடியாது. அயர்லாந்துக்காரரான பாடகர் பாப் கெல்டாஃப் 1986-இல் பெற்றதும் அதுதான். அவரைச் ‘சர்’ என்று எழுதும் பத்திரிகைகள் இன்றும் உண்டு! வோகனோ அந்த 2005-லேயே பிரிட்டிஷ் குடியுரிமையையும் பெற்றார், பட்டம் முழுமையானது.

அந்த ‘உம்’மில்தான் விஷயமே இருக்கிறது. அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் நாடு. அதன் 1956 சட்டப்படி, பிறப்பால் வந்த குடியுரிமையைத் துறக்க விரும்புபவர் நாட்டுக்கு வெளியே வசிக்க வேண்டும், அமைச்சரிடம் குடியுரிமைத் துறப்பு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதாலேயே அது தானாகப் போய்விடாது. வோகன் இரண்டையும் வைத்திருந்தார்.

அயர்லாந்து அரசமைப்பின் 40-ஆம் பிரிவைக் காட்டுவோரும் உண்டு. அரசின் முன் ஒப்புதலின்றிக் குடிமக்கள் பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது அது. குடியுரிமை பறிபோகும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

தொடர் சலிப்பூட்டியது, சுற்றுலா விளம்பரம் போல் இருந்தது என்பதெல்லாம் ரசனை சார்ந்த விமர்சனம். அதற்குக் குடியுரிமைக் கதை தேவையில்லை. லிமெரிக் நகரமோ 2007-லேயே அவருக்குக் கௌரவக் குடிமகன் சிறப்பைத் தந்துவிட்டது.