ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக்: ஒரு திருத்தம்

"ஆன்டிபயாடிக் முடித்ததும் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய) மாத்திரை போட்டால் குடல் பாக்டீரியா வேகமாகப் பழைய நிலைக்கு வந்துவிடும்" என்று சொல்வதுண்டு. இது சரியில்லைங்க. இதையே இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 21 பேருக்கு ஒரு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்து, அப்புறம் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மலத்தை மட்டும் பார்க்கவில்லை. எண்டோஸ்கோப்பி செய்து குடலுக்குள்ளிருந்தே மாதிரி எடுத்தார்கள். எதுவும் எடுக்காமல் விட்டவர்களுக்கு மூன்று வாரத்தில் பழைய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. 11 வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு அப்படித் திரும்புவது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுத்து வைத்திருந்த தங்கள் சொந்த மலத்தைக் குடலுக்குள் செலுத்திக்கொண்டவர்களுக்கோ சில நாளிலேயே திரும்பியது.

21 பேர் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். புரோபயாடிக்கே வீண் என்றும் நான் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன. குழந்தைகளிடம் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது வேறு பலன். டாக்டர் அதற்காக எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.